கால் நகத்தில் பூசணம்: கைவைத்தியம் எதுவரை?

"அட, நகந்தானே! போனா இன்னொன்னு முளைக்காதா?" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் நம்மில் ஏராளம். காய்ச்சல் கண்டால் படுக்கிறோம். பல் வலித்தால் துடிக்கிறோம். ஆனால், கால் பெருவிரல் நகம் மஞ்சளாகி, தடித்து, ஓரத்தில் மாவு மாவாக உதிரும்போது அதை ஒரு நோயாகவே நாம் மதிப்பதில்லை. வலிக்கவில்லை, வேலை கெடவில்லை, பிறகென்ன என்று விட்டுவிடுகிறோம். கலியாண வீட்டில் நாலு பேர் நடுவில் உட்காரும்போது மட்டும் காலைச் சேலைக்குள்ளே இழுத்து மறைத்துக்கொள்கிறோம்.

நகச்சொத்தை என்று நமது பெரியவர்கள் சொல்லும் இந்தக் கோளாறுக்குக் கைவைத்தியம் சொல்ல ஆள் பஞ்சமில்லை. மருதாணி அரைத்துக் கட்டு என்பார் ஒருவர். வேப்பெண்ணெய் என்பார் பக்கத்து வீட்டுப் பாட்டி. விக்ஸ் தடவினால் போதும் என்று ஈப்போவிலிருந்து வந்த மருமகள் சொல்வாள். "பால் உறைய வைக்கிற ஆசிட்டு ஒரு சொட்டு விட்டா எல்லாம் செத்துப்போயிடும்ணே" என்று விபரீத யோசனை சொல்கிறவர்களும் உண்டு. இவற்றில் எது உதவும், எது உதவாது, எது காலுக்கே ஆபத்தாக முடியும் என்பதைப் பிரித்துச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பூசணம் நமக்குப் புதியதல்ல

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பூசணத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஈரம் காயாத ரப்பர் ஷீட்டை அடுக்கி வைத்தால் என்ன ஆகும்? பூசணம் பூக்கும். அதனால்தானே அதைத் தொங்கவிட்டுப் புகை போட்டுக் காய வைத்தார்கள்! மழைக்காலத்தில் மரத்தின் வெட்டுப்பட்டையில் சாம்பல் நிறத்தில் பூசணம் படர்ந்து பட்டை அழுகிப்போவதையும் பால் வெட்டியவர்கள் பார்த்திருக்கிறார்கள். உடனே வெட்டை நிறுத்திவிட்டு மருந்து பூசச் சொல்வார்கள். பூசணத்துக்கு வேண்டியவை மூன்று: ஈரம், இருட்டு, காற்றில்லாமை. இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் அது குடியேறிவிடும்.

காலையிலே போட்டு மத்தியானம் கழற்றும் ரப்பர் பூட்ஸுக்குள்ளே இந்த மூன்றும் இருக்கின்றன அல்லவா? அங்கே குடியேறும் பூசணத்துக்குத் தீனியும் தயாராக இருக்கிறது. நமது நகம், முடி, எருமையின் கொம்பு எல்லாம் கெராட்டின் என்ற ஒரே வகைப் புரதத்தால் ஆனவை. அந்தக் கெராட்டினைத் தின்று வாழ்வதுதான் இந்தப் பூசணம்.

பெரும்பாலும் முதலில் விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணாக வரும். நாலாம் விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே தோல் வெளுத்து, ஊறி, அரிக்கும். "சேத்துப்புண்ணுதானே" என்று விட்டுவிட்டால், அங்கிருந்து நகத்தின் முனை வழியாகவோ ஓரம் வழியாகவோ அடியிலே நுழைந்துகொள்ளும். முதலில் ஒரு வெள்ளைக் கோடு அல்லது மஞ்சள் திட்டு. பிறகு நகம் தடிக்கும். அடியிலே மாவு சேரும். கடைசியில் நகம் சதையைவிட்டுத் தூக்கி நிற்கும். இப்படி ஆவதற்குச் சில மாதங்களிலிருந்து சில வருடங்கள்வரை பிடிக்கும்.

பூட்ஸ் தேடி வந்த பூசணம்

இந்தப் பூசணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் நமது முன்னோர்கள் பிழைக்கப் போன ஊர்களும் வருகின்றன. ஆல்டோ காஸ்டெலானி என்ற இத்தாலிய மருத்துவர் 1903-ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, கொழும்பில் பல வருடம் நோய்க் கிருமிகளை ஆராய்ந்தார். இன்று உலகமெங்கும் கால் நகச்சொத்தைக்கு முதல் காரணமாக இருக்கும் பூசணத்தை 1910-இல் விவரித்து எழுதியவர் அவரே. டிரைக்கோஃபைட்டன் ரூப்ரம் என்பது இன்று அதற்குள்ள பெயர். கண்ணாடித் தட்டில் வளர்த்தால் சிவப்புச் சாயம் காட்டும் என்பதால் "ரூப்ரம்", அதாவது சிவப்பு, என்ற பெயர் வந்தது. நமது மக்கள் ஒரு பக்கம் இலங்கைத் தேயிலை மலைக்கும், மறு பக்கம் மலாயா ரப்பர்க் காட்டுக்கும் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது.

இந்தப் பூசணம் தென்கிழக்காசியா போன்ற வெப்ப நாடுகளில் வெகுகாலமாக இருந்து வந்தது என்றும், இங்கே வெறுங்காலோடு திரிந்த மக்களுக்கு அது உடம்பில் படர்தாமரையாகத்தான் வந்தது என்றும் நோய்களின் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களும் துரைமார்களும் நாளெல்லாம் பூட்ஸ் போட்டுக்கொண்டு இங்கே வந்தபோதுதான், அது மூடிய காலுக்குள் புகுந்து சேற்றுப்புண்ணாகவும் நகச்சொத்தையாகவும் மாறி ஐரோப்பா, அமெரிக்கா வரைக்கும் பரவியதாம்.

1877-இல் கோலகங்சாரில் ஹியூ லோ என்ற ஆங்கில அதிகாரி ரப்பர்க் கன்றுகளை நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. அந்த மரத்தின் வழிவந்த தோட்டங்களில் நமது பாட்டனும் பாட்டியும் வெறுங்காலோடு நடந்து பால் எடுத்தார்கள். பேராக்கில் ரப்பர் இருந்த இடத்திலே இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. செம்பனைக்கு முள் உண்டு, பாம்பு உண்டு. பூட்ஸ் இல்லாமல் உள்ளே போக முடியாது. தோட்டத்தை விட்டு ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் தாமான்களுக்குக் குடிபோனவர்களும் தொழிற்சாலையில் சப்பாத்து போட்டுத்தான் நிற்கிறார்கள். அதனால் துரைமாருக்கு வந்த சீக்கு இப்போது நமக்கும் வருகிறது.

பூட்ஸைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. வெறுங்காலில் நடந்தால் கொக்கிப்புழு, முள், பாம்பு என்று வேறு ஆபத்துகள் காத்திருக்கின்றன. பூட்ஸ் வேண்டும், அதற்குள்ளே ஈரம்தான் கூடாது.

சொத்தையெல்லாம் பூசணமல்ல

வைத்தியத்துக்கு முன்னே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தடித்த நகம், நிறம் மாறிய நகம் என்று மருத்துவரிடம் வருபவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் பூசணம். மற்றவர்களுக்கு வேறு காரணம். குலை விழுந்தோ, கல் விழுந்தோ அடிபட்ட நகம் பிறகு தடித்தே வளரும். இறுக்கமான சப்பாத்து நாள்பட அழுத்தினாலும் அப்படித்தான். சொரியாசிஸ் என்ற தோல் நோய் உள்ளவர்களின் நகமும் பார்வைக்கு இதே போலிருக்கும். இவர்கள் வருடக் கணக்கில் பூசண மருந்து போட்டாலும் ஒரு பயனும் இராது.

இன்னொன்று. அடிபடாமலே நகத்தில் கறுப்புக் கோடு தோன்றி, நாளுக்கு நாள் அகலமானால், அதைச் சொத்தை என்று எண்ணி வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அபூர்வமாக அது தோல் புற்றுநோயாக இருக்கக்கூடும். உடனே மருத்துவரிடம் காட்டுவதே அறிவு.

எந்தக் கைவைத்தியம் எவ்வளவு?

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விக்ஸ்: இது வெறும் பேச்சல்ல. கர்ப்பூரம், மெந்தால், யூக்கலிப்டஸ் எண்ணெய், தைமால் ஆகியவை அதில் உண்டு. நமது ஓமத்துக்கு வாசனை தருவதும் அதே தைமால்தான். 2011-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நகச்சொத்தை உள்ள 18 பேர் 48 வாரம் விக்ஸ் தடவி வந்தார்கள். 5 பேருக்குப் பூசணம் நீங்கி நகம் தெளிந்தது. 10 பேருக்குக் கொஞ்சம் குறைந்தது. 3 பேருக்கு ஒரு மாற்றமும் இல்லை. 18 பேர் என்பது சிறிய கூட்டம். மருந்து போடாத இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. ஆனாலும் கெடுதல் குறைவு, செலவு குறைவு. 48 வாரம் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். "ரெண்டு வாரம் தடவினேன், ஒன்னும் கேக்கலே" என்று சொன்னால் குற்றம் விக்ஸினுடையதல்ல.

டீ டிரீ எண்ணெய்: மருந்துக்கடையில் சிறு புட்டியில் கிடைக்கும் ஆஸ்திரேலிய மரத்து எண்ணெய் இது. 1994-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 117 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவுக்கு இந்த எண்ணெயும் மறு பிரிவுக்குக் குளோட்ரிமசோல் மருந்தும் ஆறு மாதம் கொடுத்தார்கள். இரு பிரிவிலும் நூற்றுக்கு அறுபது பேருக்கு நகம் ஓரளவோ முழுதுமோ தேறியது. ஆனால், சோதனையில் பூசணம் அடியோடு இல்லை என்று தெரிந்தது எண்ணெய் போட்டவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கும், மருந்து போட்டவர்களில் 11 பேருக்கும் மட்டுமே. பார்வைக்குத் தேறியது எல்லாம் நோய் போனது ஆகாது என்பதற்கு இது நல்ல சாட்சி. நம் நாட்டுக் கெலாம் மரத்திலிருந்து எடுக்கும் காயு பூத்தே எண்ணெய் இதற்கு ஒன்றுவிட்ட உறவுதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சிலருக்கு இந்த எண்ணெய்கள் தோலில் அரிப்பும் கொப்புளமும் தரும். அப்படியானால் நிறுத்திவிட வேண்டும்.

காடி: வினிகர், மலாய்க்காரர்கள் சுக்கா என்பது. புளிப்பான இடத்தில் பூசணம் நன்றாக வளராது என்பதால் இதைச் சொல்கிறார்கள். ஒரு பங்கு காடிக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்துக் கால் மணி நேரம் காலை வைத்து, பிறகு நன்றாகத் துடைத்துக் காயவிடலாம். நகத்தைக் குணப்படுத்தும் என்பதற்கு உறுதியான ஆதாரமில்லை. சேற்றுப்புண் உள்ளவர்களுக்கு ஓரளவு உதவலாம். தோல் வெடித்திருந்தால் வேண்டாம்.

மஞ்சள், வேப்பெண்ணெய், மருதாணி: இவற்றின் சாறு கண்ணாடிக் குழாயில் பூசணத்தை அடக்கும் என்று ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். ஆனால், கண்ணாடிக் குழாய் வேறு, நகம் வேறு. நகம் என்பது கெட்டிப் பலகை. மேலே பூசுவது அடிவரைக்கும் இறங்குவதில்லை. விரல் இடுக்குக்கும் பாத வெடிப்புக்கும் பூசிக்கொள்ளுங்கள், தடையில்லை. மருதாணியில் ஒரு சங்கடம் உண்டு. நகம் சிவந்துவிட்டால் அடியிலே நோய் கூடுகிறதா குறைகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது.

சீமையகத்தி: மஞ்சள் பூ மெழுகுவத்தி போல நிமிர்ந்து நிற்குமே, அந்தச் செடி. மலாய்க்காரர்கள் கெலிங்காங் என்பார்கள். கம்பத்திலும் தோட்டத்து வாய்க்கால் ஓரத்திலும் இதன் இலையை அரைத்துப் படர்தாமரைக்குப் பூசுவது பழைய வழக்கம். இது பொய்யான வழக்கமல்ல. இலையின் சாறு தேமலுக்கு நல்ல பலன் தந்ததாக 1994-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆகவே தோலுக்கு ஆகும். நகத்துக்கு மட்டும் அதை நம்பி வருடத்தை ஓட்ட வேண்டாம்.

தோட்டத்து டிரெசர்கள் அந்தக் காலத்தில் கொடுத்த ஊதா மருந்துக்கும், விட்ஃபீல்டு களிம்புக்கும் இதே கதைதான். காஸ்டெலானி பெயராலேயே ஒரு சிவப்பு மருந்து இருந்தது. தோலில் உள்ள பூசணத்தை இவை விரட்டின. தடித்த நகத்துக்குள்ளே போக இவற்றால் ஆகவில்லை.

செய்யவே கூடாதவை

இந்தப் பகுதியைப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டும்படி பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட், பேட்டரித் தண்ணீர், சுண்ணாம்பு, துணி வெளுக்கும் குளோரோக்ஸ், மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் காலில் வைக்காதீர்கள். இவை பூசணத்துக்கு முன்னே சதையைச் சுடும். பச்சைப் பூண்டை நசுக்கி வைத்து இரவெல்லாம் கட்டிவைப்பதும் தோலைப் பொசுக்கிக் கொப்புளமாக்கும்.

பால் வெட்டும் கத்தி, பிளேடு, ஊக்கு கொண்டு நகத்துக்கு அடியில் சுரண்டாதீர்கள். நகத்தைப் பிடுங்கிவிட்டால் சீக்கு போய்விடும் என்பதும் தப்புக் கணக்கு. வேரிலும் அடிச்சதையிலும் பூசணம் இருந்தால் அடுத்து முளைக்கும் நகத்திலும் அது ஏறிக்கொள்ளும்.

பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கித் தின்னாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

ஒரு கோடு போட்டுப் பாருங்கள்

வெட்டிய பட்டை மறுபடி வளர எத்தனை வருடம் காத்திருந்தோம்? நகமும் அப்படித்தான். கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். கால் நகம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். கால் பெருவிரலில் பழைய நகம் முழுதும் போய்ப் புது நகம் வருவதற்கு 12 முதல் 18 மாதம் ஆகும். எந்த மருந்தும் கெட்டுப்போன நகத்தை நல்ல நகமாக மாற்றுவதில்லை. அடியிலிருந்து நல்ல நகம் வளர்ந்து கெட்டதை முன்னே தள்ள வேண்டும். நாம் அதை வெட்டி எறிய வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

மருந்து வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சுலபமான வழி ஒன்று உண்டு. நல்ல நகமும் கெட்ட நகமும் சேருமிடத்தில், நகம் தேய்க்கும் அரத்தால் குறுக்கே லேசாக ஒரு கோடு போடுங்கள். நகம் வளர வளர அந்தக் கோடும் விரல் முனையை நோக்கி நகரும். மூன்று மாதம் சென்று பாருங்கள். கோட்டுக்குப் பின்னால், வேர்ப் பக்கம் வளர்ந்திருப்பது சுத்தமான நகமாக இருந்தால் மருந்து கேட்கிறது, விடாமல் செய்யுங்கள். கோட்டையும் தாண்டி மஞ்சள் வேரை நோக்கி ஏறியிருந்தால் அந்தக் கைவைத்தியம் தோற்றுவிட்டது. கிளினிக்குக்குப் போகும் நேரம் அதுவே. மாதம் ஒரு தடவை கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது.

இனிப்புநீர் உள்ளவர்களுக்குக் கைவைத்தியம் இல்லை

இதுவரை சொன்னது உடம்பு திடமாக உள்ளவர்களுக்கு. இனிப்புநீர் உள்ளவர்களுக்குக் கதையே வேறு.

2019-இல் நாட்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களில் அது பத்தில் மூவருக்கு மேல். அதைவிடக் கவலையான செய்தி, நோய் கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியவில்லை.

இனிப்புநீர் நாள்பட்டால் கால் மரத்துப்போகும். இரத்த ஓட்டம் குறையும். புண் ஆறாது. நகச்சொத்தையும் இவர்களுக்கு அதிகமாக வரும். இப்போது நடப்பதை யோசித்துப் பாருங்கள். தடித்த நகம் சப்பாத்துக்குள்ளே சதையை அழுத்துகிறது. மரத்த காலுக்கு வலி தெரியவில்லை. நகத்துக்கு அடியிலே புண் உண்டாகிறது. விரல் இடுக்கு வெடிப்பு வழியாக வேறு கிருமிகளும் உள்ளே போகின்றன. ஒரு வாரம் கழித்துச் சீழும் நாற்றமும் வந்த பிறகுதான் வீட்டார் காலைப் பார்க்கிறார்கள். விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை எடுத்தார்கள் என்ற கதை நமது ஊர்களில் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறோம்! "வலிக்கலியே டாக்டர்" என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். வலிக்காததுதான் அந்த நோயின் சூழ்ச்சி.

ஆகவே இனிப்புநீர் உள்ளவர்கள் காடியிலோ சுடுதண்ணீரிலோ காலை ஊறவைக்க வேண்டாம். சூடு அவர்களுக்குத் தெரியாது. தோல் ஊறி வெடிக்கும். நகத்தைத் தாங்களே ஆழமாக வெட்ட வேண்டாம். அரத்தால் கோடு போடும் வேலையும் அவர்களுக்கு வேண்டாம். தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோவில் உள்ள கல்லுமலைக் கோயிலுக்கு வெறுங்காலில் நடக்க நேர்த்தி வைத்திருப்பவர்கள், போகுமுன் காலை மருத்துவரிடம் காட்டி யோசனை கேட்பது நல்லது. திரும்பி வந்ததும் வீட்டில் ஒருவர் உள்ளங்காலை நன்றாகப் பார்க்க வேண்டும். முருகன் பக்தியைத்தான் கேட்கிறான், காலை அல்ல.

நகச்சொத்தை உள்ளவர் யாராயிருந்தாலும், நாற்பதைத் தாண்டியவராக இருந்தால், நகத்துக்கு மருந்து தேடுவதற்கு முன்னே ஒரு தடவை இரத்தத்தில் இனிப்பைச் சோதித்துக்கொள்வது நல்லது. சொத்தை நகத்துக்காகப் போய் இனிப்புநீரைக் கண்டுபிடித்தால் அதுவும் ஒரு லாபந்தான்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

தோட்டத்தில் ஆஸ்பத்திரி, டிரெசர் என்று இருந்த காலம் உண்டு. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் ஒரு சட்டம் வந்தது. இன்றும் சில பெரிய தோட்டங்களில் ஹெச்.ஏ. இருக்கிறார். தோட்டம் துண்டாடப்பட்டோ வீடமைப்புத் திட்டமாகியோ போன இடங்களில் அந்த வசதி இல்லை. ஆனால் அரசாங்கக் கிளினிக் உண்டு. குடியுரிமை உள்ளவர்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. ஒரு புட்டி எண்ணெய்க்குக் கொடுக்கும் காசைவிட இது குறைவு அல்லவா? தேவைப்பட்டால் அங்கிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள்.

நகத்தை வெட்டி எடுத்து, பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பூசணமா என்று பார்ப்பார்கள். சோதனைக்கு முன்னே நாமாகக் களிம்பு பூசியிருந்தால் பூசணம் மறைந்துகொள்ளும். ஆகவே என்னென்ன போட்டோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பூசணம் என்று உறுதியானால், லேசான நோய்க்கு நகத்தில் பூசும் அமோரோல்ஃபின் என்ற மருந்து உண்டு. வாரம் ஒன்று அல்லது இரண்டு தடவை, கால் நகத்துக்கு 9 முதல் 12 மாதம் வரை பூச வேண்டும். வேர்வரைக்கும் ஏறியிருந்தால் மாத்திரைதான். அதற்கு முதலில் கிரிசியோஃபல்வின் மாத்திரை இருந்தது. நகத்துக்கு வருடக் கணக்கில் தின்ன வேண்டியிருந்தது. 1990-களில் டெர்பினாஃபின் வந்த பிறகு, கால் நகத்துக்குத் தினம் 250 மில்லிகிராம் வீதம் 12 வாரம் போதும் என்றாயிற்று. அதைத் தின்ற பத்துப் பேரில் ஏழு பேருக்குப் பூசணம் போகிறது. ஆனால், பத்தில் நாலு பேருக்குத்தான் நகமும் முற்றாகப் பழைய அழகுக்குத் திரும்புகிறது. நல்ல மருந்தின் நிலையே இதுவென்றால், ஒரு வாரத்தில் குணம் என்று சந்தையில் கூவி விற்பவனை என்ன சொல்வது?

மாத்திரை தொடங்குமுன் இரத்தம் எடுத்துக் கல்லீரலைச் சோதிப்பார்கள். அபூர்வமாக அந்த மாத்திரை கல்லீரலைத் தாக்கும். ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். சம்சு குடிக்கும் பழக்கமிருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டு மாத்திரை வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். கர்ப்பிணிகளும், வேறு மருந்து தின்பவர்களும் அதைத் தெரிவிக்க வேண்டும்.

வீட்டில் நடக்க வேண்டியது

மருந்து எதுவானாலும், ஈரம் போகாமல் சொத்தை போகாது. வேலை முடிந்து வந்ததும் காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரல் இடுக்கையும் துணியால் ஒற்றிக் காயவிடுங்கள். காலுறை பருத்தியில் இருக்கட்டும். தினம் மாற்றுங்கள், சுடுதண்ணீரில் துவையுங்கள். முடிந்தால் இரண்டு ஜோடி பூட்ஸ் வைத்துக்கொண்டு ஒன்றுவிட்டு ஒருநாள் போடுங்கள். ஒரு ஜோடிதான் உண்டென்றால், இரவில் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து வையுங்கள், ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த வகையில் நமது பத்திரிகை படித்த பிறகும் உங்களுக்கு உழைக்கும்!

சேற்றுப்புண் கண்டால் உடனே கவனியுங்கள். மருந்துக்கடையில் குளோட்ரிமசோல் களிம்பு கிடைக்கும். அரிப்பு நின்ற பிறகும் இரண்டு வாரம் விடாமல் பூசுங்கள். நகம் வெட்டியை நோயாளிக்குத் தனியாக வையுங்கள். ஒரே சிலிப்பரை வீடே மாற்றி மாற்றிப் போடும் பழக்கத்தை நிறுத்துங்கள். ஒருவருக்கு மருந்து போட்டு, மற்றவரின் சேற்றுப்புண்ணை விட்டுவைத்தால் நோய் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். தடித்த நகத்தைக் குளித்து முடித்தபின் ஊறிய பதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவது சுலபம்.

கைவைத்தியத்தை நாம் பழிக்கவில்லை. மருத்துவரே எட்டிப்பார்க்காத காலத்தில் நமது தாய்மார்களின் கைதான் நம்மை வளர்த்தது. நோய் லேசாக இருக்கும்போது, உடம்பில் இனிப்பு இல்லாதபோது, பொறுமையோடு செய்தால் கைவைத்தியத்துக்கும் இடமுண்டு. அந்த எல்லை தாண்டியதும் கிளினிக்குக்குப் போய்விட வேண்டும்.

தோழர்களே, தாய்மார்களே! இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் நல்ல வெளிச்சத்தில் அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்து, "காலைக் காட்டுங்க" என்று கேளுங்கள். "ஒன்னுமில்லே, வுடு" என்றுதான் சொல்வார்கள். விடாதீர்கள். விரல் இடுக்கையும், நகத்தின் அடியையும், உள்ளங்காலையும் பாருங்கள். குனிந்து தங்கள் காலைத் தாங்களே பார்க்க முடியாத வயது அவர்களுக்கு. நமக்குச் சோறு போட நடந்த கால் அது. இரண்டு நிமிடம் பார்ப்பதற்கு நமக்கு நேரமில்லை என்று சொல்லலாமா?